பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றாதவள்

அம்பிகாவின் கைகள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தன. பத்தியக் குழம்புக்காக. தொட்டிலில் ஒரு மாதக் குழந்தை வீறிட்டது. அவள் கை நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை.

"பாத்தீங்களா சிஸ்டர்?" என்றாள் மாமியார் வீரலட்சுமி, தொட்டிலை ஆட்டியபடி. "பெத்தது அவ, ஆட்டுறது நானு."

நான் சின்னாளப்பட்டிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். திண்டுக்கல்லைச் சேர்ந்த ஆனந்தமேரி, பிள்ளை பெற்ற பெண்களின் மனநலம் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். தெரியாத முகத்திடம் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள் என்று என்னைத் துணைக்கு அழைத்து வந்திருந்தாள்.

அம்பிகா கீரனூர்க்காரி. அப்பாவுக்கு மக்காச்சோளம், முருங்கை என்று கொஞ்சம் நிலம் உண்டு. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை பார்த்தபோது கமலக்கண்ணனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். அதோடு பிறந்த வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. தலைப்பிரசவத்துக்குக்கூட அம்மா வரவில்லை. கமலக்கண்ணன் ஆலையை விட்டுவிட்டு வீட்டுத் தறியில் உட்கார்ந்தான். அம்பிகா மாமியார் வீட்டிலேயே பிள்ளை பெற்றாள்.

ஆனந்தமேரி முதலிலேயே சொல்லிவிட்டாள். "நீங்க சொல்றது வெளிய போகாது அம்பிகா. உசுருக்கு ஆபத்துன்னா மட்டும், உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் உதவிக்கு ஆள் கூப்பிடுவேன்."

எந்தக் கேள்விக்கும் வீரலட்சுமியே முந்திக்கொண்டாள்.

"தூக்கமா? நல்லாத் தூங்குறா. சாப்பாட்டுக்கு என்ன குறை? புள்ளையக் குளிப்பாட்டித் தண்ணி ஊத்த மட்டும் மகாராணிக்கு ஒடம்பு வளையாது. பக்கத்து வீட்டு அங்காளம்மா வந்து ஊத்தணும். நாளையிலருந்து நீ வராத தாயின்னு சொல்லிப்புட்டேன். இவளே ஊத்தட்டும், சோம்பேறித்தனம் தன்னால போகும்."

அம்பிகாவின் விரல்கள் அப்போதுதான் நின்றன. அதை நான் பார்த்தேன்.

"வீரலட்சுமி, நாக்கு வறண்டு போச்சு. பால் வாங்கியாந்து ஒரு காபி போடேன்" என்றேன். அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆனந்தமேரி நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "புள்ளைய நீங்களே ஏதாவது செஞ்சிருவோமோன்னு எப்பவாச்சும் நெனப்பு வருதா?"

"வருதுங்க" என்றாள் அம்பிகா, காய்கறி விலை சொல்வதைப் போல. "தண்ணி ஊத்துறப்பத்தானுங்க வரும். அண்டாவுக்குள்ள அமுக்கிட்டா அழுகை நின்னுருமுன்னு தோணுச்சுங்க. ஒடனே புள்ளையக் கீழ கெடத்திட்டு வெளிய ஓடிட்டேன். அதுக்கப்பறம் அங்காளம்மாக்காவக் கூப்பிட்டுக்கறனுங்க."

ஓய்வு பெற்ற பிறகும் பழைய பழக்கத்தில் இந்த வீட்டுக்கு நான் வராத வாரமில்லை. எடை பார்த்தேன், தொப்புள் பார்த்தேன், தாய்ப்பால் சுரப்பு பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதே கேள்வியைப் பல வீடுகளில் கேட்ட ஆனந்தமேரி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"உங்க உசுர மாய்ச்சுக்கணும்னு தோணியிருக்கா?" என்று கேட்டாள்.

"நானில்லைன்னா புள்ள நல்லா வளருமுங்க."

"இது வைத்தியம் இருக்கிற சீக்கு அம்பிகா. ஆனா மறைக்கக்கூடாது. வீட்டுல சொல்லித்தான் ஆகணும்."

அவள் ஆனந்தமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தைக்குத் தெரிய வேண்டாமுங்க மேடம். புள்ளையப் புடுங்கிட்டு என்னைய அனுப்பிருவாங்க. எனக்குப் போக எடமில்லீங்க."

"நானும் கூட இருந்து சொல்றேன்" என்றேன். அவள் மெல்லத் தலையசைத்தாள்.

தறியிலிருந்து கமலக்கண்ணனைக் கூப்பிட்டோம். ஆனந்தமேரி சொல்லச் சொல்ல அவன் அம்பிகாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பாலோடு வந்த வீரலட்சுமி வாசலிலேயே பாதியைக் கேட்டுவிட்டாள். வாளியை வீசிவிட்டுப் பிள்ளையை வாரி எடுத்தாள்.

"கொலகாரி! எம் பேரனையா? இப்பவே இவளக் கொண்டுபோயி கீரனூருல விட்டுட்டு வாடா!"

"வாய மூடு" என்றேன். "கொல்ல நெனக்கிறவ எதுக்கு அடுத்த வீட்டுக்காரியக் கூப்பிட்டுத் தண்ணி ஊத்தச் சொல்றா? நீ சோம்பேறின்னு ஏசுன. அம்புட்டு ஏச்சையும் வாங்கிக்கிட்டு உம் பேரனக் காப்பாத்துனது யாரு? அந்த அங்காளம்மாவையும் நீதான வராதன்ன?"

வீரலட்சுமி பிள்ளையோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு நானேல்ல இவளத் தண்ணி ஊத்தத் தனியா அனுப்பியிருப்பேன்" என்றாள்.

அன்று ராத்திரி அம்பிகாவைத் தனியே விடாமல் நானும் அங்கேயே தங்கினேன். பாலூட்டும்போது கமலக்கண்ணன் பக்கத்திலேயே இருந்தான்.

மறுநாள் காலையில் வீரலட்சுமியே போய் அங்காளம்மாவை அழைத்து வந்தாள். அவள் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்ததும் எல்லோரும் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினோம். அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு எங்கே என்று வீரலட்சுமிதான் விசாரித்தாள். வரிசையில் பிள்ளை அழுதது. அவள் அதை அம்பிகாவின் மடியில் வைத்து, பால் குடித்து முடிக்கும்வரை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.