கார்த்திகேசுவின் சொந்த வாக்கியம்

“நான் அடிக்கல துவான். அவன்தான் மொதல்ல கைய நீட்டுனான்” என்று கூண்டில் நிற்கும் ஆள் நீதிபதியைப் பார்த்துத் தமிழில் சொல்லி வாயை மூடுவதற்குள், பக்கத்தில் நிற்கும் கார்த்திகேசு அதை மலாயில் சொல்லி முடித்திருப்பார். குற்றம் சாட்டப்பட்டவரின் குரல் ஏறினால் அவர் குரலும் ஏறும். சாட்சி விம்மினால் இவர் ஒரு கணம் நிறுத்தி, அந்த விம்மலுக்கும் இடம் விட்டுத் தொடர்வார். முதல் முறை பார்க்கிறவர்கள், வழக்கு உண்மையில் யார் மேல் என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பதுண்டு.

ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் அவர் தமிழ் மொழிபெயர்ப்பாளர். இருபத்தாறு வருட வேலை. ‘அவர் அடிக்கவில்லையாம்’ என்று சொல்வது இந்தத் தொழிலில் பிழை. சாட்சி ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பாளரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். மலாயில் அது ‘சாயா’. நான் திருடவில்லை, நான்தான் வெட்டினேன், நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று ஊரார் சொன்ன ‘நான்’ அத்தனையும் அவர் வாய் வழியாகத்தான் நீதிபதியின் காதுக்குப் போயிருக்கின்றன. ஒன்றில்கூட அவர் இருந்ததில்லை.

வெள்ளை முழுக்கைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். தொண்டை கெட்டுவிடும் என்று ஐஸ் போட்ட எதையும் தொட மாட்டார்; பினாங்கு வெயிலில் எல்லாரும் கோப்பி பெங் குடிக்கும்போது இவர் முன்னால் சுடுதண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் நாலு துண்டு இஞ்சி மிட்டாய். பயந்துபோய் வரும் சாட்சிகளுக்கு அதில் ஒன்றை நீட்டுவார். “வாயில போட்டுக்குங்கம்மா. பயப்படாதிங்க. நீங்க என்கிட்ட பேசுற மாதிரி பேசுங்க. மலாயில சொல்ற வேல என்னோடது.”

அப்படிப்பட்டவருக்குத் தன் பேச்சு என்று நாலு பேர் முன்னால் ஒரு வாக்கியம் சொல்ல வராது.

இது ஏதோ அடக்கம் என்றுதான் சக ஊழியர்கள் நினைத்திருந்தார்கள். மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஓய்வு பெற்றபோது நடந்த விருந்தில் இவரை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள். எழுந்தார். காதுக்குள் ஃபெரி இயந்திரம் ஓடுவது போல ஒரு இரைச்சல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிடம் முழுதாக நின்றுவிட்டு, “நன்றி” என்று சொல்லி உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாருக்கு நன்றி, எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

“கோர்ட்டுல அவ்ளோ பேர் முன்னுக்கு தண்ணி மாதிரி பேசறிங்க. இங்க மட்டும் என்னாங்க?” என்பார் மனைவி லோகேஸ்வரி.

“அது நான் பேசறதில்ல லா.”

லோகேஸ்வரிதான் பிடித்துத் தள்ளி, கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடந்த மேடைப் பேச்சு வகுப்பு ஒன்றில் சேர்த்துவிட்டார். நடத்தியவர் காப்புறுதி முகவர். எதிரே உட்கார்ந்திருப்பவர்களை எல்லாம் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். கார்த்திகேசு அதை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தார். “கோபிசுக்கு முன்னுக்கு நான் எதுக்கு பேசணும்?” என்று கேட்டுவிட்டு, மூன்றாவது வாரத்தோடு நிறுத்திக்கொண்டார். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

அவர்கள் குடியிருப்பது ஜெலுத்தோங்கில், பதினேழு மாடி ஃபிளாட் ஒன்றின் ஏழாவது மாடியில். போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி வாக்கில் கார்த்திகேசு கீழே வந்தார். லிஃப்ட் முன்னால் தரை ஈரமாக இருந்தது. துப்புரவு செய்யும் லெட்சுமி அப்போதுதான் துடைத்துவிட்டுப் பின்கட்டுப் பக்கம் போயிருந்தார். வழுக்கும் என்று எச்சரிக்கும் மஞ்சள் பலகை நடுவில் நின்றது. திருட்டுக்குப் பயந்து லிஃப்டை ஒட்டிய நடையில்தான் எல்லாரும் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார்கள். தன் வண்டியை வெளியே எடுக்கப் பலகை குறுக்கே இருந்தது. அதை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து வைத்துவிடலாம் என்றுதான் இருந்தார். அதற்குள் கைப்பேசி அடித்தது. முதல் வழக்குக்கே ஆள் தேவை, சீக்கிரம் வாருங்கள் என்றார்கள். போய்விட்டார்.

கால் மணி நேரம் கழித்துப் பதினோராவது மாடியில் இருக்கும் சீனப் பெரியவர் ஊய், பத்திரிகை வாங்க இறங்கி வந்தவர், அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்தார். எழுபத்தொரு வயது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது கார்த்திகேசு இதைக் கேள்விப்பட்டார். பலகை வைக்காதது லெட்சுமியின் தவறு, அவரை மாற்றச் சொல்லிக் குத்தகை நிறுவனத்துக்கு எழுதப்போகிறார்கள், அடுத்த வார ஞாயிறு குடியிருப்பாளர் கூட்டத்தில் முடிவு செய்வார்கள் என்பதையும் சேர்த்தே கேள்விப்பட்டார். ‘நான்தான் எடுத்தேன்’ என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். அங்கே ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். அவர் லிஃப்டில் ஏறி ஏழாம் எண்ணை அமுக்கினார்.

லெட்சுமி பாகான் டாலாமில் இருந்து தினமும் ஃபெரி ஏறி வருகிறவர். நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மீன் வாங்கவும் பஸ்ஸில் வழி கேட்கவும் போதுமான மலாய் தெரியும். தன் மேல் விழுந்த பழியை மறுக்க அது போதாது. வெள்ளிக்கிழமை காலை லிஃப்ட் அருகே கார்த்திகேசுவை மறித்தார்.

“அண்ணே, நீங்க கோர்ட்டுல பேசறவரு. எனக்காக நாலு வார்த்த சொல்லுங்கண்ணே. என்னோடது சந்தையில பேசற பாசார் மலாய். அங்க போயி நின்னா வாய் கொளறிடும்.”

“நீங்க தமிழ்ல சொல்லுங்க. நான் மலாயில சொல்லிடறேன்.”

“கோடி புண்ணியம்ணே.” லெட்சுமி இரண்டு கையையும் கூப்பினார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் கூப்பினார். கார்த்திகேசு காலையில் படிக்கட்டு வழியாக இறங்கிப் போக ஆரம்பித்தார்.

கூட்டத்துக்கு முதல் நாள் மதியம் சோற்றில் கையை வைத்தபடி மனைவியிடம் சொன்னார். லோகேஸ்வரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“பதினோரு நாளா வச்சிக்கிட்டு இருக்கிங்க.”

“பேச வரலம்மா. ஒனக்குத்தான் தெரியுமே எனக்கு.”

“பேச வரலயா? மாட்டிக்குவோம்னு பயமா?”

தட்டில் ரசம் ஆறிக்கொண்டிருந்தது. “ரெண்டும் ஒண்ணுதான்னு இப்பதான் தெரியுது” என்றார் கடைசியில். “கோர்ட்டுல எது சொன்னாலும் அது அவுங்க பேச்சு. தப்பா போனாலும் அவுங்க மேலதான் போகும். என் பேச்சுன்னா, சொன்னதுக்கு அப்புறம் நான் அங்கயே நிக்கணும். மேடையோ கூட்டமோ பயமில்ல. அப்புறம் நிக்கணும் பாரு, அதான்.”

லோகேஸ்வரி ரசத்தைச் சுடவைத்துக் கொண்டுவந்தார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கீழ்த்தளக் கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். வருடா வருடம் கதவோரம் கடைசி நாற்காலியில் உட்காருகிற கார்த்திகேசு, அன்று லெட்சுமிக்காக முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது. தலைவர் கமால், கெப்பாலா பத்தாஸில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் அல்ல. எதையும் நேரத்துக்கு முடிக்க வேண்டும் அவருக்கு. செயலாளர் ஷாஹிரா மடிக்கணினியில் நடவடிக்கைக் குறிப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

லெட்சுமி பேசினார். கார்த்திகேசுவின் மலாய் வழக்கம்போல் ஓடியது. “நான் எட்டு வருடமாக இங்கே வேலை செய்கிறேன். நான் பலகை வைக்காமல் ஒருநாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. அன்றைக்கும் நான் வைத்தேன்.” அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தும் காதில் இரைச்சல் இல்லை, நாக்கு ஒட்டவில்லை. இப்படியே முடிந்துவிடும் என்றுகூட ஒரு கணம் அவருக்குத் தோன்றியது.

கமால் கேட்டார்: “வைத்தேன் என்கிறார். ஊய் விழுந்தபோது பலகை சுவரோரம் மடங்கிக் கிடந்தது. அப்படியானால் அதை யார் எடுத்தது?”

கார்த்திகேசு கேள்வியைத் தமிழில் சொன்னார். லெட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “யாரு எடுத்தாங்கன்னு எனக்கு தெரியாதுண்ணே. சத்தியமா எனக்கு தெரியாது.”

சின்ன வாக்கியம். மொழிபெயர்க்க ஒரு மூச்சு போதும். கார்த்திகேசு ‘சாயா’ என்று ஆரம்பித்தார். மேலே போகவில்லை. ‘யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது’ என்பது லெட்சுமியின் வாயில் உண்மை. அந்த வாயைவிட்டு இவர் வாய்க்கு வந்ததும் அது பொய்யாகிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் கொலைகாரனின் வாக்கியத்தைக்கூட அவர் இப்படிப் பாதியில் நிறுத்தியதில்லை.

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அது இரைச்சலாக மாறிக் காதுக்குள் ஏறியது. தலைகள் நிமிர்ந்தன.

“நான்தான் எடுத்தேன்” என்றார் மலாயில்.

ஷாஹிராவின் விரல்கள் ஓடின. “பலகையை எடுத்தது தான்தான் என்று லெட்சுமி ஒப்புக்கொள்கிறார்” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தட்டினார். பின்வரிசையில் யாரோ, “நான் அப்போதே சொன்னேன்” என்றார்கள்.

“இல்லை!” அவரே எதிர்பாராத அளவு சத்தமாக வந்தது. “அவர் இல்லை. அதை அழியுங்கள். அவர் சொன்னது தனக்குத் தெரியாது என்று. எடுத்தது நான். கார்த்திகேசு, ஏழாவது மாடி, பதினான்காம் எண் வீடு.”

அதன்பின் சொன்னவை ஒழுங்காக வரவில்லை. ‘மடக்கினேன்’ என்பதற்கு மலாய்ச் சொல் கிடைக்காமல் கையால் மடக்கிக் காட்டினார். மற்றவர்களுக்காக எத்தனையோ முறை அவர் சொல்லியிருக்கிற சொல்தான் அது. வண்டி, கைப்பேசி, முதல் வழக்கு என்று முன்னுக்குப் பின்னாக எல்லாம் வந்தன.

“பன்னிரண்டு நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை?” என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

“பயமாக இருந்தது” என்றார் கார்த்திகேசு. அது ஒன்றுதான் தடுமாறாமல் வந்தது.

கமால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். லெட்சுமி மேல் உள்ள புகார் நீக்கப்படுகிறது, அவர் வேலையில் தொடர்வார் என்று எழுதச் சொன்னார். பிறகு கார்த்திகேசுவைப் பார்த்து, “இதை ஊய் வீட்டிலும் யாராவது சொல்ல வேண்டும்” என்றார்.

லெட்சுமிக்கு நடந்தது பாதிதான் புரிந்திருந்தது. “என்னாண்ணே சொன்னிங்க?” என்று கேட்டார். கார்த்திகேசு தமிழில் மறுபடி முதலிலிருந்து சொன்னார். மலாயில் அறுபது பேருக்குச் சொன்னதைவிட அது கடினமாக இருந்தது. லெட்சுமி முழுவதையும் கேட்டார். அழவில்லை.

“ஒம்பது நாளா ஒங்கள கும்புட்டனே அண்ணே” என்றார். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு, பின்னால் மேசையில் ஊற்றி வைத்திருந்த தேநீரைக்கூடத் தொடாமல் போய்விட்டார். அவர் வாசலைத் தாண்டும் வரை கார்த்திகேசு நின்ற இடத்திலேயே நின்றார்.

லிஃப்டில் லோகேஸ்வரி ஏழை அமுக்கினார். கார்த்திகேசு கையை நீட்டிப் பதினொன்றை அமுக்கினார்.

“நானும் வரட்டா?”

“வேணாம்மா. நீ போ.”

ஊய் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். திறந்த கதவுக்கு முன்னால் இரும்புக் கம்பிக் கதவு. நடு அறையில் நடைச்சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊய் சாய்வு நாற்காலியில் இருந்தார். கம்பிக்கு வெளியே ஆள் நிற்பதைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. பெரிய மகன் எழுந்து வந்து கம்பிக் கதவைத் திறந்து, “யாரைப் பார்க்க வேண்டும்?” என்று மலாயில் கேட்டார். பத்துப் பன்னிரண்டு முகங்கள் வாசல் பக்கம் திரும்பின.

கார்த்திகேசு குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து ஓரமாக வைத்தார். நிமிர்ந்து, அத்தனை முகங்களையும் பார்த்துக்கொண்டே, உள்ளே காலை எடுத்து வைத்தார்.