மாமி வீட்டுத் தொட்டியும் என் மின்சார ஷவரும்

உங்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லையா? ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு, ஸ்ரீரங்கத்தில் என் தலையில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று கடிதம் போட்டுக் கேட்கிறீர்கள். கேட்ட குற்றத்துக்கு முழுவதையும் படியுங்கள்.

தண்ணீர் விழவில்லை, வழிந்தது. துரை ஒருவர் பங்களாவைக் காலி செய்தபோது என் மகன் வாங்கிக் கப்பலில் அனுப்பிய மின்சார ஷவர், மாட்டிய முதல் மாதம் மழையாகக் கொட்டியது. பிறகு நூலாகிவிட்டது. தண்ணீர் குறைந்தால், அதைச் சூடாக்கும் அந்தப் பெட்டிக்குக் கோபம் ஏறும், நூலும் கொதிக்கும். திருச்சி வெயிலில் வெந்நீர் எதற்கு என்று தெருவே கேட்டது. என் முழங்காலை ஒருத்தரும் கேட்கவில்லை.

தெரு என்னை வேறு எதற்கும் நல்லபடியாகக் கேட்டதில்லை. நான் ஜப்பான் ரப்பர் செருப்புப் போட்டு நடந்தால், "மலாயாக்காரிக்கு நம்ம மண்ணுல கால் படக்கூடாதாம்" என்று வாசலுக்கு வாசல் பேச்சு. அங்கே ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரே தகரத் தொட்டியில் பத்துப் பெண்கள் சரோங்கோடு மண்டி போடுவோம்; இந்த ஊர்ப் பாஷையில், குளிப்போம். யார் வாளி யாருடையது என்று பார்த்ததில்லை. இங்கே நான் வாளி வைத்த இடத்தை வீட்டுக்காரக் கோமளா மாமி கழுவிவிடுவாள். என் கணவருக்குப் பிறந்த ஊர் ஜீயபுரம். காவேரிக் கரையில்தான் கண்ணை மூடுவேன் என்று, ரப்பர் தோட்டத்தில் பிறந்த என்னையும் இழுத்து வந்தார். பங்காளிகள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாமி வீட்டுப் பின்கட்டு ஒன்றுதான் கிடைத்தது.

அதற்கும் ஆபத்து வந்தது. மாமியின் சமையலறைக் குழாயிலும் தண்ணீர் இளைத்துவிட்டது. முற்றத்தில் நின்று சொன்னாள்: "ஏண்டியம்மா, உன் மிஷின் என் ஜலத்தையெல்லாம் குடிக்கறது. பழையபடி வரலேன்னா பௌர்ணமிக்குள்ள காலி பண்ணிடுங்கோ."

பௌர்ணமிக்கு ஆறு நாள் இருந்தது. குழாய் ரிப்பேர்காரரை மன்னார்புரத்திலிருந்து வரவழைத்தேன். பெட்டியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "தண்ணியும் கரண்டும் ஒரே பொட்டியிலயா? நான் புள்ளகுட்டிக்காரனுங்க." அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு நானே இறங்கினேன். ஷவர் தலையைக் கழற்றிப் புளித்தண்ணீரில் ஒரு பகல் ஊறவைத்துத் துளைகளை ஊசியால் குத்தினேன். பளபளத்தது, ஆனால் அதே நூல். ஷவருக்குப் போகும் குழாயை இரண்டு நாள் அடைத்தே வைத்தேன். மாமியின் குழாயிலும் அதே நூல். இதைச் சொன்னால், என் மிஷின் தூங்கும்போதும் உறிஞ்சுமாம்.

இரண்டு குழாய்க்கும் தண்ணீர் ஒரே மாடித் தொட்டியிலிருந்து வருகிறது. இரண்டும் இளைத்தால் கோளாறு அவை பிரிவதற்கு முன்னால் இருக்க வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டாம். மேலிருந்து என்ன வருகிறது என்று பார்க்கக் கரண்டை அணைத்துவிட்டு, பெட்டிக்குள் தண்ணீர் நுழையும் இடத்துச் சல்லடையைக் கழற்றினேன். வெள்ளையாக என்னமோ ஒட்டியிருந்தது. இழுத்தால் நீளமாக வந்தது. வாழைநார்.

என் கணவருடைய ஸ்பானரை எடுத்துக்கொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே மொட்டை மாடிக்கு ஏறினேன். தொட்டிக்கு அடியில் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வை அவிழ்த்தேன். வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் வாழைநாரைச் சுருட்டித் திணித்திருந்தது. ஊறிப் பூரி மாதிரி உப்பியிருந்தது. திரும்பினால் பின்னால் மாமி நிற்கிறாள்.

"தோலுடி. மாட்டுத்தோல் வாஷர் வெச்சிருந்தான், தொட்டிக்குக் குழாய் மாட்டின அந்தப் படுபாவி. அதை நனைச்சுண்டு வர்ற ஜலத்துல நான் சாதம் வடிக்கறதா? தெரிஞ்ச அன்னிக்கே நானே எடுத்துட்டு நாரை வெச்சேன்."

"எடுக்கறதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் வடிச்சீங்க மாமி?"

மாமி மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, "தெருவுல சொல்லிடாதே" என்றாள். முதல் தடவையாக அந்தக் குரலில் உத்தரவு இல்லை.

கீழே போனேன். என் செருப்பின் குதிகாலில் காலணா அளவுக்கு வட்டமாக அறுத்து, பாதித் தடிமனாகச் சீவி, நடுவில் துளை போட்டு, நன்றாகக் கழுவி எடுத்து வந்தேன். வைத்து முறுக்கினதும் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

"அது என்னதுடி?"

"ரப்பர், மாமி. மரத்துப் பால். எங்க அப்பா பால் வெட்டின மரம்."

"மரமா? அப்ப சுத்தம்தான்" என்று மாமி கண்ணை மூடிக் கைகூப்பினாள். நான் பொய் சொல்லவில்லை. மரத்துக்கும் வாஷருக்கும் நடுவில் அது என்னவாக இருந்தது என்று அவள் கேட்கவில்லை. பெருமாளுக்குக் காவேரித் தீர்த்தம் குடத்தில் வருகிறது, அவருக்கு ஒன்றும் குறைவில்லை. ரசத்துக்குத்தான் அந்தக் குழாய்.

பௌர்ணமி வந்தது, போனது. நாங்கள் போகவில்லை. எனக்கு மழை திரும்ப வந்தது; அதில் நின்று கண்ணை மூடினால் ஈப்போ, திறந்தால் கோபுரம்.

குழாயில் என்ன இருந்தது என்று தெரு கேட்டபோது ஓணான் என்றேன். விடுவார்களா? குனிந்து என் செருப்பைப் பார்த்து, குதிகாலில் ஏன் ஓட்டை என்றார்கள்.

"இந்த மண்ணுல எனக்குக் கால் படலைன்னு சொன்னீங்களே," என்றேன். "காலணா அளவுக்கு இப்ப படுது. வெச்சுக்கங்க."