அந்த அறைக்குள் இருந்ததை மட்டும் எண்ணினேன்

கட்டாரில் வேலை செய்த என் தம்பி அங்கேயே மௌத்தானான். அங்கேயே அடக்குவதென்று முடிவானது. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், உடலைச் சுற்றும் கபன் துணியால் மூடுமுன் முகத்தை வீடியோவில் காட்டுவதாகச் சொன்னார். எங்கள் நேரம் மாலை ஐந்து மணிபோல.

தினமும் கரண்ட் வெட்டிய காலம் அது. எங்கள் பக்கத்துக்கு ஐந்து மணிக்குத்தான் வெட்டு. கரண்ட் போனால் போன் டவரும் படுத்துவிடும். வீட்டுக் கம்ப்யூட்டரைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

தம்பியின் மனைவி இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது, மார்க்கப்படி கணவனின் அண்ணனான நானும் அந்நியன்தான். அதனால் ஹோலில் இருந்த கம்ப்யூட்டரை அவளுடைய அறைக்கு மாற்றிவிட்டு, வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டினேன். பிறகு, கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை ஓடவைக்கும் யூபிஎஸ் வாங்க ஓடினேன்.

“எத்தினை விஏ வேணும் காக்கா?” என்று கடைக்காரர் கேட்டார்.

ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு என்ன தெரியும். கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த எழுத்தையெல்லாம் ஒரு துண்டுக் கடதாசியில் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, “பழைய மெஷின்தானே. அறுநூற்றைம்பது காணும், கால் மணித்தியாலம் ஓடும்” என்றார்.

“இடையில நிண்டுட்டா?”

“நிக்காது.”

“பெட்டரி பழசா இரிந்தா?”

“இப்பதான் உங்கட கண்ணுக்கு முன்னால பெட்டிய உடைச்சன், காக்கா.”

மனம் கேட்கவில்லை. ஆயிரத்து இருநூறு விஏ பெட்டியைக் காட்டினேன்.

“இதுல வெல்டிங் அடிக்கப் போறீங்களா?” என்று சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். “கம்ப்யூட்டரோட வேற என்ன இதுல கொழுவுவீங்க?”

“வேற ஒண்டுமில்ல. அந்த அறைக்குள்ள வேற ஒண்டுமில்ல.”

வீட்டுக்கு வந்து, மூன்று தடவை யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிக் கழற்றிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் அணையவில்லை.

ஐந்துக்குச் சற்று முன்பு அழைப்பு வந்தது. நான் ஹோலில், திரைக்கு வெளியே இருந்தேன். “கால் பக்கம் தெரியுது. துணிய எடுக்கப் போறாங்க” என்று உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள். அப்போது தலைக்கு மேலே மின்விசிறி நின்றது. அறைக்குள் யூபிஎஸ் கீச்சிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

“மச்சான், படம் நிண்டுட்டு,” என்றாள் தம்பியின் மனைவி.

“கம்ப்யூட்டர் ஓடுதா?”

“ஓம், ஓடுது.”

நிமிர்ந்து பார்த்தேன். நான் சாய்ந்திருந்த சுவரில், என் தலைக்கு ஒரு முழம் மேலே, வைஃபை பெட்டி விளக்கெல்லாம் அணைந்து கிடந்தது. தெருவிலிருந்து வரும் இன்டர்நெட் வயர் ஹோலோடு நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டரை அறைக்கு மாற்றியவன் நான்தான்.

என் மனைவி யூபிஎஸ்ஸை இழுத்துக்கொண்டு வந்தாள். வைஃபை பெட்டியை அதில் கொழுவி, அதன் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை காத்திருந்து, அந்த வைஃபையில் என் போனிலிருந்து அவருக்குக் கோல் எடுத்தேன்.

“மூடியாச்சு காக்கா. தொழுகைக்குக் கொண்டு போயிட்டாங்க,” என்றார் தம்பியோடு தங்கியிருந்தவர்.

திரைக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள்: “முகம் எப்படி இரிந்திச்சு எண்டு கேளுங்க மச்சான்.”

கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்: “நித்திரை மாதிரித்தான் இரிந்திச்சாம். தாடி கொஞ்சம் வளர்ந்திரிந்திச்சாம்.”

சேலை அசையாமல் தொங்கியது.

“அவர் தாடி வளக்கிறல்லயே, மச்சான்,” என்றாள்.