தென்மேற்கு மூலையில் ஒரு டேங்க்

எங்கள் வேனுக்குத் தென்மேற்கு மூலை உண்டு. ஓடுகிற வண்டிக்கு ஏது திசை என்று கேட்பவர்கள் என் வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். நான் கேட்டுப் பார்த்தேன். "நிக்கும்போது இருக்குதில்ல?" என்றார். எங்கள் வாசலில் வேன் கிழக்குப் பார்த்து நிற்கும். அப்படி நிற்கும்போது தென்மேற்கு எதுவோ, அதாவது வண்டியின் பின்பக்கம் வலது கோடி, அதன் கூரைமேல் தண்ணீர் டேங்க் ஏறி உட்கார்ந்துவிட்டது. வீடென்றால் மொட்டை மாடியில் டேங்க் இருக்க வேண்டும், அது தென்மேற்கு மூலையில் இருக்க வேண்டும். இது வீடு இல்லையா, உள்ளே கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது, பிறகென்ன என்பது அவர் கட்சி.

வேனை வீடாக மாற்றிக் கொடுத்த நாமக்கல் பட்டறைக்காரர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "டேங்க்க சீட்டுக்கு அடியில வெச்சு ஒரு சின்ன மோட்டார் போட்டுடலாங்க. வெயிட்டு கீழ இருந்தா வண்டிக்கு நல்லதுங்க." என் வீட்டுக்காரர் விடவில்லை. மோட்டார் கெட்டுப்போகும், பேட்டரி தீர்ந்துபோகும், மேலே இருந்தால் தண்ணீர் தானாக இறங்கும் என்று காரணங்களை அடுக்கினார். கடைசியில்தான் வாஸ்துவை எடுத்தார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். முதுகெலும்பு ஆபரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்ததிலிருந்து எதையும் மறுத்துப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. நான் ஒன்றை மறுத்து அதனால் ஏதாவது ஆகிவிட்டால்? பயந்தவளுக்கு வாஸ்துவும் வேண்டியிருக்கிறது.

மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். வீட்டுக் கட்டிலில் தூங்கியதைவிட பஸ்ஸில் தூங்கியதுதான் அதிகம் என்று நான் சண்டை போடாத மாதம் கிடையாது. அப்படிப்பட்டவர் ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருடம் சேலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மல்லாந்து கிடந்தார். கொஞ்ச நேரம் நிற்கலாம், நடக்கலாம். உட்காரத்தான் முடியாது. உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் பாய்கிற மாதிரி வலி. உட்கார முடியாதவர் எந்த பஸ்ஸில் போவார், எந்தக் காரில் போவார்? படுத்துக்கொண்டே போகிற வண்டி என்றால் ஆம்புலன்ஸ். இல்லையென்றால் இது.

அதனால்தான் வாங்கினோம். ஓட்டுவது நான். கல்யாணமான புதிதிலிருந்து கார் ஓட்டுகிறேன். ஆனால் கார் வேறு, இது வேறு. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு சுவரை நிறுத்தி அதற்குச் சக்கரம் மாட்டியதுபோல இருக்கும். பெங்களூரில் இருக்கும் மகனுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "அம்மா, அப்பாவ படுக்க வெச்சுட்டு நீங்க ஒத்தையா ஓட்டறதெல்லாம் வேண்டாம். வித்துரலாம்" என்று போன் செய்யும்போதெல்லாம் சொன்னான். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி சாமி. ஏற்காட்டுக்கு ஒருதடவ போய்ட்டு வர்றேன். எனக்கு வண்டி அடங்கலீன்னா நானே சாவியக் குடுத்தர்றேன்" என்றேன். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தச் சாவி போனால் அவருக்கு மறுபடியும் முன்னறை விட்டம்தான்.

கிளம்பியது ஆடி மாதம். ஆடியில் காற்று அடிக்கும் என்று குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். காற்று தெரிந்த அளவுக்கு வண்டி தெரியவில்லை, அதுதான் விஷயம். டேங்க் நிறைய வீட்டுக் குழாயில் வரும் மேட்டூர்க் காவேரித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டோம். எங்கே போனாலும் மற்ற ஊர்த் தண்ணீரைக் குடித்து முகம் சுளிப்பது எங்கள் ஊர்க்காரர்களின் வழக்கம். மலைப்பாதையில் வண்டி சமர்த்தாக ஏறியது. கொண்டை ஊசி வளைவுகளில் மரங்கள் காற்றை மறைத்துக்கொண்டன. ஏரிக்கரையில் நிறுத்திச் சமைத்தோம், பாத்திரம் கழுவினோம், அவர் வெந்நீர் வைத்துக் குளித்தார். பின்கதவைத் திறந்துவைத்துப் படுத்தபடி படகுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. சேர்வராயன் கோயிலுக்கும் போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன்.

கோயில் இருக்கும் உச்சிக்கு மரம் மட்டை கிடையாது. மேலே ஏறியதும் பெரிய வெட்டவெளி. புல்லெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. அதைப் பார்த்தபோதே நான் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து முதல் அடி விழுந்தது. யாரோ தோளால் முட்டித் தள்ளிய மாதிரி வண்டி இடதுபுறப் பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்தேன். காற்று சட்டென்று நின்றது. இழுத்த இழுப்புக்கு வண்டி வலப்பக்கம் பாய்ந்தது. திரும்ப இடப்பக்கம் ஒடித்தேன். ஒவ்வொரு தடவையும் ஆட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். நான் திருப்பியதும் வண்டி ஒருமுறை ஆடியது, பிறகு என்னைக் கேட்காமல் தானாக இன்னொரு முறை ஆடியது. சாமி வந்தவளைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பது போல இருந்தது.

அப்போதுதான் எதிரே ஒரு டூரிஸ்ட் பஸ் வந்தது. காற்றைச் சமாளிக்க நான் ஸ்டியரிங்கை வலப்பக்கமாகவே அழுத்திப் பிடித்திருந்தேன். பஸ் பக்கத்தில் வந்ததும் அது காற்றை மறைத்துவிட்டது. தள்ளுகிற காற்று இல்லாததால் வண்டி நேராக அந்த பஸ்ஸை நோக்கித் தாவியது. பஸ் ஜன்னலில் ஒரு பெண் வாயைப் பிளந்தது எனக்குத் தெரிந்தது. எப்படி ஒடித்தேன் என்று இன்றுவரை தெரியாது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவுதான் இருந்திருக்கும். பஸ் தாண்டியதும் காற்று மறுபடி ஓங்கி ஒரு அறை விட்டது. பின்னால் பாத்திரங்கள் உருண்டன. "அம்மணி!" என்று அவர் கத்தினார்.

கோயிலுக்கு முன்னால் கடைகள் இருக்கும் இடத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். இறங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் கட்டியிருந்த பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அடிபட்டுதுங்களா?"

"இல்ல. உனக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. போதுங்க. ஊருல இருந்து டிரைவர வரச் சொல்லி எறங்கிரலாம். வண்டியக் குடுத்தர்லாம்."

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் பொங்கியது. உயிர் போய் உயிர் வந்திருக்கிறது, இந்த மனுஷன் மேலே என்ன பார்த்துக்கொண்டிருக்கிறார்?

"செத்த சும்மா இரு" என்றார். "காத்து அடிக்கட்டும்."

காத்திருந்தோம். ஒரு காற்று வந்து நின்ற வண்டியையே உலுக்கிவிட்டுப் போனது. ஆட்டம் அடங்கியது. அதன்பிறகு கூரையில் தொம்மென்று ஒரு சத்தம். வண்டி லேசாகப் பின்பக்கம் அசைந்தது. மறுபடி மெதுவாக இன்னொரு தொம்.

"கேட்டுச்சா? வண்டி நின்ன பொறவு தண்ணி ஆடுது. தண்ணி ஆடறதால வண்டி மறுக்கா ஆடுது. என்ற தலைக்கு மேலயேதான். வரும்போதெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தேன்."

எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது. காலையில் டேங்க் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. நிறைந்த தண்ணீர் ஆடாது. ஏரிக்கரையில் சமைத்துக் குளித்துப் பாதியைக் காலி செய்துவிட்டோம். பாதி டேங்க் தண்ணீர் கூரைமேல், அதுவும் பின்கோடியில், ஒரு பக்கமாக இப்படியும் அப்படியும் ஓடியிருக்கிறது. மொட்டை மாடியில் இரண்டு ஆள் ஏறிக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் குதித்தால் எந்த வண்டிதான் அடங்கும்?

"தென்மேற்கு மூலைங்க" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சரி சரி. தொறந்து உடு" என்றார்.

மேட்டூர்த் தண்ணீரை மலை உச்சியில் திறந்துவிட்டேன். வண்டியிலிருந்து தண்ணீர் ஓடுவதைப் பார்த்து பஜ்ஜிக் கடைப் பெண் ஓடிவந்தாள்.

"ஏனுங்கக்கா, தண்ணி ஒழுவுதுங்க!"

"ஒழுவுலீங்க. நாந்தான் தொறந்துட்டேன்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு போய் இரண்டு குடமும் ஒரு வாளியும் எடுத்துவந்து வைத்தாள். பக்கத்துக் கடைக்காரர்களும் குடத்தோடு வந்தார்கள். மேட்டூர்த் தண்ணீர் என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "எங்க மலைத் தண்ணி மாதிரி இல்லீங்கக்கா. நொம்ப சப்புன்னு இருக்குதுங்க. பாத்திரம் களுவிக்கறேன்" என்றாள். பின்னால் கட்டிலிலிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. குகைக்கோயிலுக்குள்ளே சேர்வராயனுக்குப் பக்கத்தில் காவேரியம்மன்தானே இருக்கிறாள், அவள் வாசலிலேயே காவேரித் தண்ணீரை இப்படிக் கேவலப்படுத்தலாமா என்று எனக்கும் சிரிப்பு வந்தது. குனிந்து போக வேண்டிய குகை என்பதால் அவர் உள்ளே வரவில்லை. கதவைத் திறந்துவைத்துப் படுத்தபடியே கும்பிட்டார். நான் உள்ளே போய் விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு வேண்டிக்கொள்ள எனக்கு நிறைய இருந்தது.

கிளம்புவதற்கு முன் பின்கோடியில் கிடந்த அரிசி மூட்டை, சிலிண்டர், அவருடைய பழைய இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் நடுவில் தரையில் இழுத்துவைத்துக் கட்டினேன். ஊரிலிருந்து டிரைவர் வர வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வெட்டவெளியைத் தாண்டும்வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் பேச்சு.

இந்தத் தடவை மாட்டு வண்டி வேகத்தில் போனேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன். ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிக்காமல் தளர்வாகப் பிடித்தேன். காற்று அறைந்தது. திரும்பி வரும் வழி என்பதால் இப்போது வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. பதறி இழுக்கக் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சமாக மட்டும் திருப்பினேன். சாய்ந்த வண்டி அதுபாட்டுக்கு நிமிர்ந்தது. அந்த இரண்டாவது ஆட்டத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த காற்றுக்கும் வரவில்லை. ஆட்டம் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உயரமான வண்டி, காற்றடித்தால் ஆடத்தான் செய்யும். ஆனால் ஆடிவிட்டு என் கைக்குத் திரும்பி வந்தது. அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

மலையிறக்கத்தில் ஒரு வளைவில் வலப்பக்கம் பள்ளத்தாக்கு அப்படியே திறந்திருந்தது. அங்கே காற்று அடித்த நேரத்தில் சேலம் பஸ் ஒன்று ஏறி வந்தது. முன்கூட்டியே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பஸ் காற்றை மறைக்கப்போகிறது என்று கையைத் தளர்த்திக்கொண்டேன். பஸ் தாண்டிப் போனது. வண்டி தன் வழியில் போனது. பெரிய மூச்சு ஒன்று தானாக வெளியே வந்தது. பின்னாலிருந்து "அது!" என்றார் அவர்.

அடிவாரத்தில் புளிய மரத்தடியில் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அங்கே காற்றே இல்லை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. அடக்க அடக்க வந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவர் கட்டிலைப் பிடித்து மெல்ல எழுந்து, என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். நிற்பதும் அவருக்குச் சிரமம்தான்.

"எதுக்கு அழுவற? நல்லபடியா எறங்கிட்டமில்ல?"

"உங்களக் கொண்டுபோயி மறுக்கா அந்த ரூம்புக்குள்ள போட்டுருவனோன்னு பயந்துட்டேனுங்க. ரெண்டு வருசம் எப்படித்தான் கெடந்தீங்களோ."

அவர் என் தலையில் கையை வைத்தார்.

"நான் மட்டுமா கெடந்தேன் அம்மணி? நீயுந்தான அந்த ரூம்புலயே கெடந்த."

இரண்டு வருடமாக வந்துபோன சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரைப் பற்றித்தான் கேட்டார்கள். நானும் என்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் போய்ப் படுத்துப் பெல்ட்டை மாட்டிக்கொள்ளும்வரை காத்திருந்து வண்டியை எடுத்தேன். வீட்டுக்குத் திரும்பும் ரோடு வந்தது. நான் திரும்பவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.