அல்லித்தோட்டத்துக்கு ஐந்து நிமிடம்

போன வாரம் தி.நகரில் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பதவி உயர்வு. எல்லோரும் உற்சாகமாக மேசையைத் தட்டினார்கள். என் காபி தளும்பி லேப்டாப்பை நோக்கி ஓடியது. துடைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொரு மேசைச் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கல்லூரி முடித்த கையோடு நான் பார்த்த முதல் வேலை, ஒரு எம்.எல்.ஏ.வுக்கு உரை எழுதுவது. நாலு பக்கம் நன்றாக எழுதினால் நாடு திருந்திவிடும் என்று நினைத்த வயது. இப்போதும் பெரிய வயதாகிவிடவில்லை, அந்த நினைப்புதான் போய்விட்டது. அபிராமபுரத்தில் ஒரு இஸ்திரிக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். கரிச்சூடும் ஈரத்துணி வாசமும் படியேறி வந்துகொண்டே இருக்கும். இன்றும் சூடான பருத்தித்துணி வாசம் வந்தால் எனக்குச் சட்டமன்றத்து மானியக் கோரிக்கை விவாதம்தான் ஞாபகம் வரும். நீங்கள் சிரிக்கலாம், தப்பில்லை.

எம்.எல்.ஏ.வை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் டியூஷன் எடுத்தவர், கட்சிக்குக் கொடி பிடித்து, கவுன்சிலராகி, முதல்முறையாகச் சட்டமன்றத்துக்குப் போயிருந்தார். தொகுதியில் எந்த வீட்டுச் சாவுக்கும் போய்விடுவார், எந்தக் காதுகுத்திலும் சாப்பிட்டுவிடுவார். மன்றத்தில் மட்டும் பேச நேரம் கிடைக்கவில்லை. கடைசியில் ஒருநாள், வீட்டுவசதித் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில், ஐந்து நிமிடம் கிடைத்தது.

அதில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அல்லித்தோட்டம். அல்லியும் கிடையாது, தோட்டமும் கிடையாது. கால்வாய்க்கரையில் இடிந்துகொண்டிருந்த அரசுக் குடியிருப்பு. இடித்தால் ஆட்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அங்கேயே கட்டி அவர்களுக்கே கொடுங்கள், அவ்வளவுதான் கோரிக்கை. அங்கே மேல்மாடியில் மும்தாஜம்மா இருந்தார். தி.நகர்க் கடைகளின் புடவைகளுக்கு ஃபால் தைப்பவர். அவர் வீட்டில் கூரைக்குக் கீழே ஒரு பழைய புடவையை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டியிருப்பார். பெயர்ந்து விழும் காரை அதில் விழும். நிறைந்ததும் அவிழ்த்துக் கொட்டுவார். "இதுக்கு மட்டும் நான் ஃபால் அடிக்கல பாப்பா," என்பார். கோடம்பாக்கத்தில் ஒரு படப்பிடிப்பில் பார்த்த நீலவானத் திரைச்சீலை மாதிரி இருக்கும் அந்தப் புடவை. காரை விழுந்த இடங்களில் மட்டும் வானம் தொங்கும்.

கோரிக்கையை முதலில் சொல்லிவிடலாமே என்று அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"வந்ததும் வராததுமா எலையில உக்கார்ற மாதிரி இருக்கும்டி. மொதல்ல வாழ்த்து, அப்புறந்தான் பந்தி."

"பந்தி தீந்துட்டா?"

"அதுக்குத்தான உன்ன கரண்டியோட உக்கார வச்சிக்கினு கீறேன்."

உண்மையிலேயே கரண்டியோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஒத்திகையில் நான்தான் பேரவைத் தலைவர். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று அவர் பேசுவார், நேரம் முடிந்தால் நான் டம்ளரில் கரண்டியால் மணியடிப்பேன். கட்சித் தலைவருக்குப் புகழ், அமைச்சருக்குப் புகழ், தொகுதி மக்களுக்கு நன்றி, அப்புறம் அல்லித்தோட்டம். எல்லாம் முடிந்தும் நேரம் மிச்சமிருந்தது. மிச்ச நேரத்துக்குத் தலைவருக்கு இன்னும் இரண்டு அடைமொழி சேர்த்துக்கொண்டோம்.

அன்றைக்குக் கோட்டையில் பார்வையாளர் மாடத்தில் நானும் மும்தாஜம்மாவும். தன் வீட்டுப் பெயரை அந்த மன்றத்தில் சொல்லக் கேட்க வேண்டும் என்று துவைத்து மடித்து வைத்திருந்த புர்க்காவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அக்கா எழுந்தார். குரல் நடுங்கவில்லை. தலைவர் பெயரைச் சொன்னார். மேசைகளைத் தட்டினார்கள். நிறுத்தினார். முதல் அடைமொழி. தட்டினார்கள். இரண்டாவது. தட்டினார்கள். தலைவருக்குத் தட்டும்போது குறுக்கே பேச முடியாது, மரியாதை இல்லை. அக்கா சிரித்தபடி காத்திருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஒத்திகையில் மேசை தட்ட யாருமே இல்லை.

தொகுதி மக்களுக்கு நன்றி சொல்லும்போது மணி அடித்தது. அக்கா வேகமெடுத்தார். "எங்கள் பகுதியில், கால்வாய்க்கரையில்..." என்றபோது மைக் நின்றது. உதடு மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது. அடுத்த உறுப்பினரை அழைத்தார்கள். அவரும் தலைவர் பெயரில்தான் தொடங்கினார். அக்கா உட்கார்ந்து, தாளை மடித்துவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து மேசையைத் தட்டினார்.

வெளியே வந்ததும் மும்தாஜம்மா என் கையைப் பிடித்தார். "எங்க பேரு வந்துச்சா பாப்பா? அந்தச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."

"இல்லம்மா. வரல."

கொஞ்சம் நடந்தார். "இன்னா தட்டு தட்றாங்க! எங்க வூட்ல இப்டித் தட்டுனா மொத்த தளமும் தலையில எறங்கிடும்." சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

காரில் அக்கா சொன்னார்: "அடுத்த தபா குடுப்பாங்க." கொடுக்கவில்லை. அமைச்சரை நேரில் பார்த்தார், பார்க்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த தேர்தலில் சீட்டும் வரவில்லை. அறிவிப்பு வந்த அன்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "டீ சொல்லு," என்றார் அக்கா. சொன்னேன். குடித்தோம். யாரும் அழவில்லை. பிறகு லாரிகள் வந்து அல்லித்தோட்டத்துக்காரர்களை ஏற்றிப் போயின. மும்தாஜம்மா கொஞ்ச நாள் இரண்டு பஸ் மாறி தி.நகருக்கு வந்து புடவை வாங்கிப் போனாராம். அப்புறம் வரவில்லை என்றார் கடைக்காரர்.

எங்கள் அலுவலகம் இருந்த மாடியில் இப்போது புருவம் திருத்துகிறார்கள். கீழே இஸ்திரிக் கடையும் இல்லை. அல்லித்தோட்டம் தகரவேலிக்குள் புல்லாகக் கிடக்கிறது. சமீபத்தில் புது எம்.எல்.ஏ. மன்றத்தில் அதைப் பற்றிப் பேசியதை வீடியோவில் பார்த்தேன். பெயர் தெளிவாக, முழுசாகக் கேட்டது. காலியாகக் கிடக்கும் அந்த இடத்தில் நடைப்பயிற்சிப் பூங்கா வேண்டுமாம். செய்து தரப்படும் என்று அங்கேயே பதில் வந்தது.

அந்த வீடியோவை மும்தாஜம்மாவின் எண்ணுக்கு அனுப்பினேன். ஏன் அனுப்பினேன் என்று கேட்காதீர்கள். மறுநாள் ஒரு பையன் பதில் போட்டிருந்தான்: 'ராங் நம்பர் சிஸ்டர்.'