கழன்ற கம்பி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாகப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துவந்தவள் அவள். ஜெபக்குழு நடத்திய அவளுடைய நாத்தனார், "குறை பேசாத, நல்லதையே நினை, நல்லதையே பேசு" என்று சொன்னதை இவள் வேதவாக்காகவே எடுத்துக்கொண்டாள். அதனால் தேய்ப்பு இயந்திரத்தின் உருளைக்குள் கை போகாமல் தடுக்கும் பாதுகாப்புக் கம்பி கழன்றபோதும், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் காலை, உடன் வேலை செய்தவளின் கை அந்தச் சூடான உருளையில் சிக்கி வெந்துபோனது.

வார்டுக்கு வந்த நாத்தனார் அடிபட்டவளிடம், "வலிக்குதுன்னு சொல்லாதம்மா. சுகமாயிட்டேன்னு சொல்லு" என்றாள்.

பக்கத்தில் நின்ற தேய்ப்பவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வலிச்சா வலிக்குதுன்னுதான் சொல்லுவா, அண்ணி. நல்ல வார்த்தைன்னு நெனச்சு நான் ஊமையா இருந்துட்டேன். கம்பி கழண்டிருக்குன்னு சொல்லியிருந்தா, அதுதான் நல்ல வார்த்தை."



மேலாளர் அறைக்குப் போனபோது வசவுகள் நாக்கு நுனிவரை வந்தன. அவற்றை விழுங்கிவிட்டு, "கம்பி மாட்டுற வரைக்கும் யாரும் சுவிட்சைத் தொடமாட்டோம் சார்" என்று மட்டும் சொன்னாள்.

மாலைக்குள் மாட்டிவிட்டார்கள். ஜெபத்தில் அதற்கு நன்றி சொன்னாள். கோபம் மட்டும் தணியவில்லை. அதையும் ஆண்டவரிடம் மறைக்காமல் சொன்னாள்.