கொல்லைப்படியில் கேட்ட விளையாட்டு

ஈரத் தேங்காய் நாரால் அலுமினியக் குண்டானைத் தேய்க்கும் கரகரப்புக்கு மேலே, சமையலறையையும் அதற்கப்பால் இருந்த கூடத்தையும் தாண்டிக்கொண்டு, எவர்சில்வர் தட்டில் கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டது போல ஒரு மெட்டு வரும். அம்மா தேய்த்துப் போடுவாள். நான் கழுவிக் கவிழ்ப்பேன். கை தண்ணீரில் கிடக்கும், காது மட்டும் எழுந்து உள்ளே போய்விடும்.

திண்டிவனத்தில் நாங்கள் 'டீச்சரம்மா வீடு' என்று சொன்ன வீடு அது. அம்மா அங்கே காலையும் மாலையும் வேலை செய்தாள். அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினார். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. கான்வென்ட் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது டீச்சரம்மா சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொன்னதால்தான் என்பதை அம்மா எனக்குச் சோற்றோடு பிசைந்து ஊட்டினாள். 'அவங்க சொல்லலன்னா நீ இந்நேரம் மல்லாட்ட ஒடச்சிக்கினு இருந்திருப்ப' என்பாள்.

டீச்சரம்மாவின் மகள் பெனிட்டாவும் நானும் ஆறாம் வகுப்பில் ஒரே பிரிவு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒரே சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கினோம். ஆனால் நாங்கள் காலனி. அவள் வீட்டில் என் இடம் கொல்லைப்படி. உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை. 'புள்ள அங்கியே ஒக்காரட்டும், இப்பதான் வீடு தொடச்சோம்' என்பார் டீச்சரம்மா. நான் போன நாளெல்லாம் அந்த வீட்டை இப்போதுதான் துடைத்திருந்தார்கள். துடைத்தவள் என் அம்மா.

பெனிட்டாவுக்கு அவள் மாமா பாண்டிச்சேரியிலிருந்து 'டிவி கேம்' வாங்கி வந்திருந்தார். கொல்லைக் கதவிலிருந்து பார்த்தால் டிவியின் கறுத்த முதுகும், அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் பெனிட்டாவின் முகத்தில் பச்சையும் சிவப்புமாக மாறி மாறி விழும் வெளிச்சமும்தான் தெரியும். மற்றதெல்லாம் எனக்குச் சத்தம்தான். மெட்டு திடீரென்று வேகம் பிடித்தால் நேரம் முடியப்போகிறது. அடிக்குரலுக்கு இறங்கினால் பாதாளம் மாதிரி ஓர் இடத்துக்குள் நுழைந்துவிட்டாள். மூன்று சுரம் சறுக்கி விழுந்து, கூடவே பெனிட்டாவின் 'ச்சே' கேட்டால் செத்துவிட்டாள். அவள் விரல்களுக்கு ஆட்டம் பழகியதைவிட என் காதுக்கு அது நன்றாகப் பழகியது. எந்த மெட்டுக்குப் பின் எந்த மெட்டு, எது எத்தனை முறை சுற்றி வந்து முடியும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அதை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. காலனிக் குழாயடியில் குடங்கள் வரிசையில் நிற்க, சாயங்காலத் தண்ணீருக்காக நாங்கள் காத்திருப்போம். எதிர்வீட்டு ஜோதிதான் எனக்கு நெருக்கம். நான் வாயாலேயே மெட்டைப் போட, அவள் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் தாளம் போடுவாள். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று, 'இன்னிக்கி எந்த ஸ்டேஜு?' என்று கேட்பார்கள். அங்கேதான் நான் பொய் சொல்ல ஆரம்பித்தேன். அந்த விளையாட்டைப் பார்த்தவள் போலச் சொன்னேன். இந்த மெட்டு வரும்போது ஆற்றின் மேல் கயிற்றுப் பாலம் இருக்கும், கீழே முதலைகள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும், மெட்டு மூன்றாவது தடவை திரும்பும்போது குதிக்காவிட்டால் கால் போய்விடும் என்றேன். ஜோதி சரியாக மூன்றாவது தடவையில் குடத்தில் ஓர் அடி வைப்பாள். பிள்ளைகள் எல்லோரும் குதிப்பார்கள். அந்தத் தெருவில் என் பேச்சுக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்தது.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சியில் பெனிட்டா கீபோர்டு வாசிப்பதாக ஏற்பாடு. எல்லோரும் வாசிக்கிற கேரல் வேண்டாம், கேம் பாட்டையே வாசிக்கிறேன் என்று அவளுக்கு ஆசை. முதல் நான்கு வரிதான் அவளுக்குப் பிடிபட்டது. ஆடும்போது அவளுடைய கவனமெல்லாம் கண்ணில் இருந்தது, நடுவில் வருவது எதுவும் மனதில் தங்கவில்லை. மிச்சமெல்லாம் என் வாயில் இருந்தது, அதனால் கீபோர்டு சமையலறையின் கொல்லை வாசல் வரை வந்தது. ஒயர் அதற்குமேல் எட்டவில்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் அவளும் கீபோர்டும், இந்தப் பக்கம் நான். மூன்று வாரம் நான் ஒவ்வொரு வரியாக முணுமுணுக்க, அவள் கட்டைகளில் தேடித் தேடிக் கண்டுபிடித்தாள். தப்பினால் நான் தலையை ஆட்டுவேன். அவளும் கோபப்படாமல் திரும்ப வாசிப்பாள். உண்மையைச் சொன்னால் அந்த மூன்று வாரமும் அவள்மேல் எனக்கு உயிர். 'மேடையில ஒம்பேரும் சொல்றேன்டி' என்று அவளாகத்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை.

ஆனால் கேட்டதும் நேராகக் குழாயடிக்கு ஓடினேன். நிகழ்ச்சியன்று ஜோதியும் பிள்ளைகளும் முன்வரிசையில் தரையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், என் பெயரைக் கேட்க.

பெனிட்டா நன்றாகவே வாசித்தாள். ஓர் இடத்திலும் பிசகவில்லை. கைதட்டல் அடங்கியதும் சாமியார் மைக்கை அவளிடம் நீட்டி, இதை எங்கே கற்றாய் என்று விசாரித்தார்.

'வெளாடும்போது கேட்டு நானே புடிச்சேன் ஃபாதர்.'

அவள் அடுத்து என் பெயரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சாமியார் மைக்கை எடுத்துக்கொள்ளப் போனார். எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்து நின்று, நடுவில் வருவது நான் சொல்லிக்கொடுத்தது என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பெனிட்டா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஒரு தப்பைத் திருத்துகிற மாதிரி மைக்கிலேயே சொன்னாள்.

'இல்ல ஃபாதர், அவ அந்த கேம்ம பாத்ததே இல்ல. அவங்கம்மா எங்க வீட்ல வேல செய்றாங்க.'

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவள் சொன்ன இரண்டு வாக்கியமும் உண்மை. ஜோதி கழுத்தைத் திருப்பி என்னை அண்ணாந்து பார்த்தாள்.

'அப்போ அந்த மொதலயெல்லாம்?' என்றாள்.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். டீச்சரம்மாவின் முன்னால் கை கூப்பி, 'சின்னப் புள்ள, தெரியாம பேசிடுச்சிங்க டீச்சர்' என்று சொல்லி என்னைத் தோளோடு அணைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். மூன்று வாரமும் பக்கத்தில் இருந்து பார்த்தாயே, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று வழியெல்லாம் கேட்டு அழுதேன். காலனி முனையில் அவள் நின்றாள். அப்புறம் சொன்னாள்: 'சிஸ்டர்கிட்ட சேத்துக்கோன்னு சொன்ன வாயி, அனுப்பிடுன்னும் சொல்லும். மானத்த மட்டும் கரைச்சிக் குடிச்சிக்கினு படிக்க முடியாதுடி.'

மறுநாளும் அவள் வேலைக்குப் போனாள். நான் அந்தக் கொல்லைப்படியில் பிறகு உட்காரவில்லை. அந்த வருடக் கடைசித் தேர்வில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்கி, அட்டையை டீச்சரம்மாவிடம் காட்டச் சொல்லி அம்மாவிடமே கொடுத்தனுப்பினேன். 'பரவாயில்லியே' என்றாராம். குழாயடியில் ஜோதி என்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. குடம் நிரம்பியதும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதற்கு முன்பெல்லாம் எதற்காகவாவது நின்றுகொண்டிருப்பவள்.

பிறகு காலனிக்கு இலவச டிவி வந்தது. எங்கள் வீட்டில் ஒன்று, ஜோதி வீட்டில் ஒன்று. ஜப்பான் பொம்மைப் படங்களைத் தமிழ் பேசவைத்துப் போட்டார்கள். முடிவில் வரும் பாட்டை மட்டும் ஜப்பானிய மொழியிலேயே விட்டுவைத்திருந்தார்கள். அதையும் விளம்பரம் பாதியில் வெட்டும். அர்த்தம் ஒன்றும் தெரியாத அந்தப் பாதிப் பாட்டுக்காகவே நான் முழுப் படத்தையும் பார்ப்பேன். ஒருநாள் அந்தப் பாட்டு எதிர்வீட்டிலிருந்தும் கேட்டது. இரண்டு வீட்டிலும் கதவு திறந்திருந்தது. நடுவே நான்கு முழம் தெரு. ஜோதி முணுமுணுத்துக்கொண்டே குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போகவில்லை. எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்தியிருந்தார்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழோடு விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்தேன். அங்கே ஒரு 'பிரவுசிங் சென்டரில்' உட்கார்ந்து தேடியபோதுதான் அந்த விளையாட்டை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். என் கயிற்றுப் பாலத்து மெட்டுக்கு ஆறும் இல்லை, முதலையும் இல்லை. செங்கல் கட்டம், கறுப்பு வானம், ஒரு கட்டைக் குள்ளன். இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்கா அவ்வளவு காவல் என்றும் இருந்தது. இந்த மாதிரி இசையை விரும்புகிறவர்கள் கூடும் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. மெட்டு எங்கே திரும்புகிறது, ஏன் அங்கே நெஞ்சு அடைக்கிறது என்று நீளமாக ஒன்று எழுதிப் போட்டேன். முதலில் வந்த பதில், எந்த வயதில் ஆடினீர்கள் என்ற கேள்வி. அந்தக் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

டீச்சரம்மா வீட்டை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது செல்போன் கடை. நான் தவம் கிடந்து கேட்ட மெட்டுகளெல்லாம் முழுசாக, வெட்டுப்படாமல் என் போனில் இருக்கின்றன. எதையும் கேட்க யார் வீட்டுக் கொல்லையிலும் யாரும் காத்திருக்க வேண்டாம். நல்லதுதான். ஆனால் ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதை உடனே இன்னொரு காதில் கொண்டுபோய்க் கொட்டாமல் தரிக்காத ஒருத்தி எனக்குள் இருந்தாள். எங்கே தேடியும் அவளைக் காணவில்லை.

போன மாதம் கூட்டேரிப்பட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது ஜோதியைப் பார்த்தேன். கண்டாச்சிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இடுப்பில் குழந்தை, கையில் துணிப்பை. 'இன்னாடி, ஆபீசரம்மா மாதிரி கீற' என்று சிரித்தாள். நான் எங்கே வேலை பார்க்கிறேன், அம்மா எப்படி இருக்கிறாள் என்றெல்லாம் கேட்டாள். பிறகு என் காதிலிருந்த ஒயரைப் பார்த்தாள்.

'இன்னா பாட்டு? குடு, நானும் கேக்குறேன்' என்று கையை நீட்டினாள்.

அந்த ஜப்பான் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

'ஒண்ணுமில்ல, நியூஸு' என்று சொல்லி, ஒயரைக் கழற்றிச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தேன். நீட்டிய கையால் அவள் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். விழுப்புரம் பஸ் வந்தது, நான் ஏறிக்கொண்டேன்.